சும்மாவுக்கு ஒரு திருத்தம்

எங்கள் வானொலி நிலையத்தில் தவறு நடப்பதில்லை. இதை நான் சொல்லவில்லை. வாசலில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் பித்தளைத் தகட்டில் எழுதியே மாட்டியிருக்கிறார்கள்: 'முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரு திருத்தம்கூட வெளியிடாத நிலையம்'. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு ஆள் ஏணியோடு வந்து அந்த எண்ணை மட்டும் கழற்றி மாற்றிவிட்டுப் போவார். அந்தத் தகட்டில்தான் என் குடும்பம் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எனக்குப் புலம்ப வேறு இடம் இல்லை.

நான் காலை ஏழரை மணி ஆள். 'காலைக் கலகலப்பு' என்று பத்து நிமிஷம். ஒன்பது வருஷமாக என் வீட்டுக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் பல் தேய்க்காமல் பிரஷை மட்டும் நனைத்து வைத்த கதை, நான் குடையைத் தேடி வீட்டையே கவிழ்த்துவிட்டு அது என் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்த கதை, இப்படி. பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்து, "குடை கிடைச்சுதா சார்?" என்று கேட்பார். அந்த அளவுக்குப் புகழ்.

அன்றைக்குப் போனில் வந்த நேயர் ஒருவர், "உங்க வீட்ல அவங்க என்ன வேலை பார்க்கறாங்க?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. நாக்குதானே, அதுபாட்டுக்குப் புரண்டுவிட்டது.

"அவளா? என் வீட்டுக்காரி வீட்டில சும்மாதான் இருக்கா!"

நேயர் சிரித்தார், நானும் சிரித்தேன், பாட்டைப் போட்டேன். மத்தியானம் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனேன்.

அவள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அன்று விடியற்காலையில் மோட்டார் ஓடாமல் கீழ்த் தொட்டியிலிருந்து பதினெட்டு வாளி தண்ணீர் மேலே தூக்கி வைத்தவள் அவள். என் சட்டையை இஸ்திரி போட்டவள் அவள். மகளுக்கு நதிகள் வரைபடத்தில் நீலம் தீட்டிக் கொடுத்தவளும் அவள்தான். இதெல்லாம் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை என்பது வேறு விஷயம். கையிலிருந்த கரண்டியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னீங்க," என்றாள். "ஊருக்கே கேட்கிற மாதிரி இல்லைன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் நீங்க சொன்ன மாதிரியே இருக்கேன்."

"தெரியாம வந்துடுச்சு, மன்னிச்சுடும்மா."

"சமையல்ரூம்ல சொன்னா யாருக்குக் கேட்கும்?"

அவ்வளவுதான். போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சும்மா இருந்தாள்.

சரி, நாளைக்கு மைக்கில் ஒரு வரி சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன். பாவம், எனக்கே என் நிலையத்தைப் பற்றித் தெரியவில்லை. ஒலிபரப்பான வாக்கியம் நிலையத்தின் சொத்து. சொன்னவன் அதைத் தொடக்கூடாது. திருத்தப் பிரிவு என்று தனியாக ஒன்று இருக்கிறது, அங்கேதான் மனு கொடுக்க வேண்டும் என்றார்கள்.

திருத்தப் பிரிவின் தலைவரை நாங்கள் 'கமா' என்று கூப்பிடுவோம். அவர் வாயில் எந்த வாக்கியமும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அறைக்குள் நாலு மேஜை, நாலு பேர், ஒவ்வொரு மேஜையிலும் சீல் பிரிக்காத சிவப்பு மை பாட்டில்.

"வாங்க, உட்காருங்க, திருத்தமா, நம்ம நிலையத்துலயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, சின்னப் பசங்க வேலை செய்யற இடம்," என்றார். சின்னப் பசங்க மூவருக்கும் தலை நரைத்திருந்தது.

"ஒரே ஒரு வரி சார். குடும்பமே தொங்கிக்கிட்டு இருக்கு."

"முப்பத்தொரு வருஷம், நாலு பேர், ஒரு திருத்தம் வெளியில போகல, இது லேசுப்பட்ட உழைப்பா, காலைல ஒன்பதுக்கு வர்றோம், எதுவும் திருத்தப்பட்டுடாம பார்த்துக்கறோம், அஞ்சு மணிக்குப் போறோம், நாங்க சும்மா இருக்கோம்னு வெளியில பேசிக்கறாங்க, எல்லாம் வயித்தெரிச்சல்," என்றவர் மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "சும்மா, இதுக்குப் பதினேழு பொருள் இருக்கே, வேலையில்லாம, காரணமில்லாம, பேசாம, இலவசமா, விளையாட்டா, அடிக்கடி, இதுல நீங்க எதைச் சொன்னீங்க?"

"நான் சும்மா சொன்னேன் சார்."

"அது அஞ்சாவது," என்று குறித்துக்கொண்டார்.

மனசு புண்பட்டது என்று சொல்லிப் பார்த்தேன். மனசு புண்படுவதைக் கவனிப்பது நேயர் உறவுப் பிரிவாம். அது மாடியில் இருக்கிறது. மாடிக்குப் படி இன்னும் கட்டவில்லை. கீழே இருக்கும் இவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: வாக்கியம் உண்மையா, பொய்யா? பொய் என்று நேரில் பார்த்து உறுதி செய்தால் திருத்தம் கிடைக்கும். கள ஆய்வாளர் வீட்டுக்கு வருவார்.

அப்போது எனக்குச் சந்தோஷம்தான். என் மனைவி சும்மா இருக்கிறாளா இல்லையா என்று கண்ணிருக்கிற எவனும் அரை மணியில் சொல்லிவிடுவானே. வீட்டுக்குப் போகிற வழியில்தான் ஞாபகம் வந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்து நாலு நாளாகிறது.

கொஞ்சம் தப்பாகச் சொல்லிவிட்டேன். மகளுக்குச் செய்ய வேண்டியதை மட்டும் செய்தாள். மகளுக்குப் பரீட்சை நேரம். நான் இல்லாத வேளையில் சமையல் முடியும், துணி துவைத்திருக்கும், எனக்குத் தெரியாமல் எல்லாம் நடக்கும். நான் உள்ளே காலை வைத்ததும் நாற்காலிதான், ஜன்னல்தான். என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதை மகள் வந்து சொல்வாள். பதினொரு வயதுப் பெண், ஒரு கையில் கணக்குப் புத்தகம், இன்னொரு கையில் எங்கள் இரண்டு பேரின் தூது.

"அப்பா, அம்மா சொல்லச் சொன்னாங்க. எனக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. அன்னைக்கு மாமா வர்றாராம். நாங்க மாமா வீட்டுக்குப் போறோம்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "அதை ரேடியோவைத்தான் கேட்கணுமாம்."

கைவசம் எட்டு நாள் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் பேச்சை நிறுத்திய மறுநாள் மைக் முன்னால் உட்கார்ந்தேன். சொல்ல ஒன்றுமே இல்லை. தலைக்குள் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் உறைத்தது. பிரஷ் கதை யார் சொன்னது? அவள். குடை கதை? அவள்தான், சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னது. ஒன்பது வருஷமாக அவள் மடித்து வைத்ததை நான் எடுத்து உதறிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த வாரம் பூராவும் சட்டைப் பொத்தான்களைப் பற்றிப் பேசினேன். "சார், உடம்பு சரியில்லையா?" என்று ஆறு பேர் போன் செய்து கேட்டார்கள்.

திங்கட்கிழமை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். பொத்தானுக்காகத் திட்டப் போகிறார் என்று போனேன். எழுந்து நின்று கை கொடுத்தார்.

"அசத்திட்டீங்க! 'என் வீட்டுக்காரி வீட்டில சும்மாதான் இருக்கா!' அந்த ஒரு வரிக்கு மட்டும் நாற்பது போன். எல்லாம் ஆம்பளைங்க. அதை வெட்டி எடுத்து நிலைய அறிமுகமாப் போடச் சொல்லிட்டேன். அரை மணிக்கு ஒருதடவை."

"சார், அதனாலதான் என் வீட்ல..."

"குடும்பம் முக்கியம், நான் இல்லேன்னு சொல்லலை. எனக்கும் குடும்பம் இருக்கு. இதோ பாருங்க," என்று மேஜைமேல் இருந்த போட்டோவைத் திருப்பிக் காட்டினார். "மூணு வருஷமா தினம் இதைப் பார்க்காம நான் வேலையை ஆரம்பிச்சதில்லை. இவங்களை நேர்ல பார்க்கத்தான் நேரம் இல்லை. ஆனா ஒருநாளாவது என் வீட்ல சண்டைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? வீட்டுக்குப் போனாத்தானே சண்டை வரும்! எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க." போட்டோவில் ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சட்டத்தின் ஓரத்தில் கடையின் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து என் குரல் என்னைத் துரத்த ஆரம்பித்தது. முடிவெட்டும் கடையில், பஸ்ஸில், மருந்துக்கடையில், எதிர்வீட்டு ஜன்னலில், அரை மணிக்கு ஒருதடவை நானே சிரித்துக்கொண்டு, "சும்மாதான் இருக்கா!" என்பேன். வீட்டில் ரேடியோவை அணைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ரேடியோவை யார் அணைப்பது? சுவர் வழியாக நான் சிரிக்கும்போதெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஐயோ, அந்தச் சிரிப்பு! என் கழுத்தை நானே பிடித்து நெரிக்கலாம் போல இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கள ஆய்வாளர் வந்தார். மனிதர் தங்கமானவர். செருப்பை வாசலில் விட்டு, அட்டையில் தாளைச் செருகி, கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் முந்தின நாளே மகள் மூலமாகக் காலில் விழாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். ஒரு மூணு மணி நேரம் எதையாவது செய், பெருக்கு, துடை, ஒரு பாத்திரத்தையாவது உருட்டு என்று.

அவள் உட்கார்ந்திருந்தாள்.

அடுப்பில் பால் வைத்தேன், பொங்கினால் ஓடுவாள் என்று. பொங்கி வழிந்தது. ஓடியவன் நான். குழாயைத் திறந்துவிட்டேன். துவைத்த துணியைக் கொண்டுவந்து அவள் மடியருகே கொட்டினேன். கை தானாக மடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. விரல் ஒன்று லேசாக அசைந்தது. ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"ஒரு டம்ளர் தண்ணியாவது சாருக்குக் கொண்டுவந்து குடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சினேன். தண்ணீரை நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒரு மணிக்கு அவர் கடிகாரத்தை நிறுத்தினார். "என் சர்வீஸ்ல எத்தனையோ பார்த்துட்டேன் சார். இவ்வளவு சுத்தமா யாரும் சும்மா இருந்ததில்லை. எங்க ஆபீஸ்லகூட இல்லை," என்று நெகிழ்ந்து போய்ச் சொன்னார். அறிக்கையில் எழுதினார்: 'மேற்படி நபர் வீட்டில் இருந்தார். சும்மாதான் இருந்தார். வாக்கியம் உண்மை. திருத்தம் தேவையில்லை.'

அவரை அனுப்பிவிட்டு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "ஏன் இப்படிப் பண்ணினே? உனக்காகத்தானே இவ்வளவும்," என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அன்று பரீட்சை இல்லாததால் வீட்டிலிருந்த மகளைப் பார்த்துச் சொன்னாள். மகள் அதை என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

"அந்தாளு வந்து கடிகாரம் வெச்சுப் பார்த்துச் சொன்னாத்தான் உங்கப்பாவுக்குத் தெரியணுமான்னு கேட்கறாங்க."



வெள்ளிக்கிழமை ஏழரைக்கு மைக் முன்னால் உட்கார்ந்தபோது ஒரு முடிவோடுதான் உட்கார்ந்தேன். வேலை போனால் போகட்டும். கிளம்பும்போது பையெல்லாம் கட்டி வாசலோரம் வைத்திருந்தது. "அம்மாவை ஏழரைக்கு ரேடியோ போடச் சொல்லு, தயவுசெஞ்சு," என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் ஒலிபரப்பு பத்து விநாடி பின்தங்கித்தான் வெளியே போகும். நான் ஏடாகூடமாக ஏதாவது சொன்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் அம்மாள் பட்டனை அமுக்குவார். மௌனம் ஆறு விநாடிக்கு மேல் போகக்கூடாது, அதனால் மெஷின் தானாகவே கைவசம் இருக்கும் நிலைய அறிமுகத்தைப் போட்டுவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் பத்து விநாடிக்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மனசு வந்துவிடும் என்று நம்பினேன்.

"நேயர்களே, என் மனைவியைப் பற்றி நான் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்," என்று ஆரம்பித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு வாளி, நீல நதி, குடை, பிரஷ், ஒன்பது வருஷம். நான் சொன்ன கதையில் ஒன்றுகூட என்னுடையது இல்லை, நான்தான் இந்த வீட்டில் சும்மா இருப்பவன் என்றேன். மன்னித்துவிடு என்றேன். மூணு நிமிஷம் பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே போனது இவ்வளவுதான்: "நேயர்களே, என் மனைவியைப் பற்றி நான் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்." ஆறு விநாடி மௌனம். "என் வீட்டுக்காரி வீட்டில சும்மாதான் இருக்கா!" சிரிப்பு. பாட்டு.

நான் ஓடினேன். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. தெருமுனையில் என் மச்சானின் கார் திரும்புவதைப் பார்த்தேன். பின் கண்ணாடியில் மகள் கையை ஆட்டினாளா, ஆட்ட வேண்டாம் என்று நினைத்தாளா தெரியவில்லை, கை பாதி தூக்கியபடி இருந்தது. பரீட்சைக்கு விட்டுவிட்டு அங்கிருந்தே ஊருக்குப் போகிறார்கள். வீட்டுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் மகள்தான் எடுப்பாள். "அம்மா வேலையா இருக்காங்கப்பா," என்பாள்.

மூன்றாவது வாரம் கள ஆய்வாளர் மறுபடியும் வந்து நின்றார். நிராகரித்த மனுவை இருபது நாள் கழித்து மறு ஆய்வு செய்வது விதியாம். "அவங்க இல்லையா?" என்றார். இல்லை என்றேன். என் வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வார்? ஜன்னலோர நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து கடிகாரத்தை அமுக்கினார். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை இரண்டு பேரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருதடவை எனக்கு விம்மல் வந்தது. அவர் அதற்கான கட்டம் தாளில் இருக்கிறதா என்று தேடினார்.

மறுநாள் நிலையத்துக்குள் நுழைந்தபோது ஏணி சாத்தியிருந்தது. ஆள் மேலே நின்று முப்பத்தொன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். கமா ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கிடைச்சுடுச்சு, திருத்தம், நம்ம பிரிவோட முதல் திருத்தம், மை பாட்டிலை உடைச்சோம், காய்ஞ்சு போயிருந்தது, பரவாயில்லை, பென்சில்ல எழுதிட்டோம், உங்க வீட்ல சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க," என்று தாளை நீட்டினார்.

தாளை வாங்கிப் படித்தேன்.

'என் வீட்டுக்காரி வீட்டில சும்மாதான் இருக்கா என ஒலிபரப்பான வாக்கியம் உண்மைக்குப் புறம்பானது என உறுதியாகியுள்ளது. அதனை, என் வீட்டுக்காரி வீட்டில் இல்லை எனத் திருத்தி வாசிக்கவும். சும்மா குறித்து நிலையத்துக்குக் கருத்து ஏதும் இல்லை.'

"காலைக் கலகலப்புலயே படிச்சுடுங்க," என்றார் பின்னால் வந்த இயக்குநர். "ஆனா சோகமா வேண்டாம், லேசான நிகழ்ச்சி அது. சிரிச்சுக்கிட்டே படிங்க. உங்க சிரிப்புக்குத்தான் நேயர்கள்."

படித்தேன். எனக்கு வேறு என்ன தெரியும், வேலையே அதுதானே. "என் வீட்டுக்காரி வீட்டில் இல்லை," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தேன். சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரிப்பு வரவில்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று எண்ணிக்கொண்டு ஐந்தாவதில் பாட்டைப் போட்டுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திருத்தப் பிரிவு நாலு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சத்தம் இந்தப் பக்கம் கேட்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் நடைவழியில் நின்று போன் போட்டேன். மகள் எடுப்பாள் என்று நினைத்தேன்.

"என்ன?" என்றாள் அவள்.

ஒரு மாசம் கழித்து என்னோடு நேராகப் பேசுகிற அந்தக் குரல். சொல்ல எவ்வளவோ இருந்தது. சட்டையில் பொத்தான் இல்லை, மோட்டார் மறுபடியும் ஓடவில்லை, அந்தத் துணியெல்லாம் நான் கொட்டிய இடத்திலேயே கிடக்கிறது, நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. எதற்குக் கூப்பிட்டாய் என்று யார் கேட்டாலும் நாம் எல்லாரும் சொல்கிற அந்தப் பதில் மட்டும் முந்திக்கொண்டு வெளியே விழுந்துவிட்டது.

"சும்மாதான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. பழக்கதோஷம், எண்ணிக்கொண்டே இருந்தேன். ஏழு. எட்டு.

"இல்லம்மா, அந்த சும்மா இல்ல, அதுக்குப் பதினேழு இருக்கு, நான் சொன்னது வேலையில்லாம கூப்பிடலை, உன்னை நினைச்சு..."

"சும்மா இருங்க," என்றாள்.

பேசாமல் இரு என்றாளா, போதும் என்றாளா, கொஞ்சம் பொறு என்றாளா? கமாவின் பட்டியலில் அது எத்தனையாவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் மகள் ஏதோ கேட்பதும், துணி உதறும் சத்தமும் கேட்டது. நடைவழியில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், நான் திரும்பவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் சொன்ன மாதிரியே சும்மா இருந்தேன்.